களம்பூருக்கு வராத கடைசி ரீல்

ஏகாம்பரம் அண்ணன் இறந்துபோன செய்தி வந்தபோது நான் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. நம் கம்பெனி பஸ்ஸின் வாட்ஸப் குழுவில் யாரோ அவருடைய படத்தைப் போட்டு, கீழே கைகூப்பும் பொம்மைகள் இரண்டைப் போட்டிருந்தார்கள். அதற்கு நேர் மேலே இன்னொருவர் காலையில் அனுப்பிய ரோஜாப்பூவும் காலை வணக்கமும் இருந்தன. முதலில் அண்ணனுக்குப் பிறந்தநாள் என்று நினைத்தேன். பெயருக்கு முன்னால் இருந்த 'அமரர்' என்ற சொல்லைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். விரல் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். மெஷின் எடுக்கவில்லை, துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார்கள். அரிசியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது. அதுவும் கொஞ்சம்தான். இந்த வயதில் எதற்கும் முழுதாக அழ முடிவதில்லை, நடுவிலேயே களைப்பு வந்துவிடுகிறது.

அவரைப் பற்றி எழுதும் வேலையை நம் பஸ்காரர்கள் என் தலையில் கட்டிவிட்டார்கள். கம்பெனியில் பதினான்கு வருடம் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதியவள் என்பதால் எனக்கு எழுத வரும் என்று ஒரு நம்பிக்கை. பதினாறாம் நாள் படத்திறப்பில் வாசிக்க வேண்டும், பிறகு அச்சடித்துக் கொடுப்பார்களாம். அவரைத் தெரியாதவர்கள் கைக்கும் இது போகும் என்பதால் எல்லோருக்கும் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏகாம்பரம் அண்ணன் ஆரணியிலிருந்து செய்யாறு தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். நாங்கள் நாற்பது பெண்கள் அதில் போய் வந்தோம். வெளிநாட்டுக்காரர்கள் போடும் செருப்புகளுக்கு மேல்தோல் தைப்பது எங்கள் வேலை. காலையில் ஆரணியில் கிளம்பி, பெரணமல்லூரில் ஆள் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். சாயங்காலம் அதே ஒன்றேகால் மணி நேரம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன டி.வி. இருந்தது. அதில் என்ன படம் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்கிற அதிகாரம் அண்ணனிடம் மட்டும் இருந்தது. அவர் போட்டது ஒரே வகைப் படம்தான், எண்பதுகளில் வந்த இளசுகளின் காதல் படம்.

அந்தப் படங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்போதுதான் மீசை அரும்பிய ஒரு பையன். தாவணி போட்ட ஒரு பெண். பையனுக்கு நண்பர்கள் நாலு பேர், அவர்களில் ஒருவன் கட்டாயம் குண்டாக இருப்பான். ஒரு மலையூர், ஒரு ரயில்வே ஸ்டேஷன், பெல்ட்டைக் கழற்றும் ஒரு அப்பா. காலையில் போகும்போது பாதிப் படம், சாயங்காலம் வரும்போது மீதிப் படம். இரண்டும் சேர்ந்தால் இரண்டரை மணி நேரம்தான். படமோ அதற்கும் கொஞ்சம் மேலே போகும். அதனால் எந்தப் படத்துக்கும் கடைசிப் பதினைந்து நிமிடம் எங்களுக்குக் கிடைத்ததில்லை. ஆரணி வந்துவிடும், அண்ணன் சுவிட்சை அணைத்துவிடுவார். யாராவது முனகினால், மிச்சத்தை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொல்வார். வீட்டுக்குப் போய் யாரும் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. வீட்டில் பாத்திரம் கிடக்கும்.

பெரணமல்லூரில் ஏறும் புதுப் பெண் ஒருத்தி, வயது இருபதுதான் இருக்கும், ஒரு நாள் அவரிடமே நேராகக் கேட்டாள். கைபேசியில் உலகத்துப் படமெல்லாம் கிடைக்கும்போது எதற்கு இந்தப் பழசு என்றாள். அண்ணன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். "இந்தப் படத்துல யாருனா வேலைக்குப் போறாங்களா பாரு. ஒருத்தனும் போவ மாட்டான். அதான் வேலைக்குப் போறவங்களுக்குப் புடிக்குது." அவள் சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், கதாநாயகி கடிதம் எழுதுகிற இடத்தில் முதலில் கண்ணைத் துடைப்பவள் அவளாக இருந்தாள்.

நடுவில் ஒருமுறை கம்பெனி ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, பெண்கள் தூங்கி வழிகிறார்கள், நல்ல புதுப் படமாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் புதுப் படம் போட்டார். அதில் ஹீரோ காரைப் பறக்கவிட்டார், கட்டடங்கள் இடிந்து விழுந்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவே நாற்பது பேரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினோம். மூன்றாம் நாள் பழைய மலையூர் திரும்பி வந்தது. கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு பார்த்தோம்.

இந்தப் படங்கள் ஏன் சலிக்கவில்லை என்று நானும் அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பல வருடம் யோசித்திருக்கிறேன். படத்தில் வரும் இருவருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஒன்றுமே தெரியாது. அவன் குறட்டை விடுவான் என்று அவளுக்குத் தெரியாது. கோபம் வந்தால் அவள் மூன்று நாள் பேசமாட்டாள் என்று அவனுக்குத் தெரியாது. தெரியவருவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. எல்லாம் தெரிந்த நாங்கள் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். பொறாமை என்று சொல்ல முடியாது. நாள் முழுதும் நின்றுவிட்டு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொள்வது போல இருக்கும், அவ்வளவுதான்.

இனி அந்த ஒரு படத்துக்கு வருகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. நம் பஸ்ஸில் வந்தவர்களுக்கு அது 'அண்ணன் படம்'.

அண்ணன் இளம்வயதில் ஆரணித் தியேட்டர் ஒன்றில் ரீல் பெட்டி தூக்கியவர். அந்த நாளில் இரண்டு ஊருக்குச் சேர்த்து ஒரே பிரிண்ட்தான் வரும். ஆரணியில் இரண்டு மணிக்குப் படம் ஆரம்பித்தால், ஓடி முடிந்த ரீல்களைத் தகரப் பெட்டியில் போட்டு மொபெட்டில் கட்டிக்கொண்டு களம்பூர் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே காட்சி மூன்றரைக்கு. ஒரு காட்சிக்குள் இப்படிப் பல நடை. கடைசி நடையில் கடைசி ரீல் ஒன்று மட்டும் வரும். அந்தப் படத்தின் கடைசிக்கு முந்தைய ரீலில், பையனும் பெண்ணும் ஒரு பஸ்ஸில் ஏறுகிறார்கள், அவள் ஜன்னலில் தலை சாய்க்கிறாள், பஸ் தூரத்தில் போய் மறைகிறது. கடைசி ரீலில் அவளுடைய அப்பாவின் கார் வந்து அந்த பஸ்ஸை மறிக்கிறது. அதற்குப் பிறகு இருவரும் உயிரோடு இல்லை.

களம்பூரில் அந்தப் படம் போட்ட முதல் நாள் மேட்னியில் கடைசி ரீல் வந்து சேரவில்லை. திரையில் பஸ் மறைந்தது, இசை நின்றது, ஜனம் எழுந்து வேட்டியை உதறியது. ஆபரேட்டர் சாலையை எட்டிப் பார்த்தார். மொபெட்டைக் காணோம். அடுத்த காட்சிக்கு வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர் 'சுபம்' என்ற கண்ணாடி ஸ்லைடைச் செருகிவிட்டு விளக்கைப் போட்டுவிட்டார். வழியில் டயர் பஞ்சர், ஒட்டிக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் பெட்டியைப் பஞ்சர் கடையிலேயே மறந்துவிட்டேன் என்று அண்ணன் எல்லோரிடமும் சொன்னார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஜோடி பிழைத்துப் போய்விட்டது என்று களம்பூர்க்காரர்கள் சொல்ல, செத்துப்போனார்கள் என்று ஆரணிக்காரர்கள் சொல்ல, டீக்கடைகளில் பெரிய தகராறு. இரண்டாவது முறை பார்க்க ஆரணியிலிருந்தே ஆட்கள் களம்பூருக்கு பஸ் ஏறினார்கள். கடைசியில் களம்பூர் முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு, இனிமேல் கடைசி ரீலைக் கொண்டுவரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அங்கே அந்தப் படம் அப்படியே தலை இல்லாமல், இல்லை, வால் இல்லாமல் மூன்று வாரம் ஓடியது.

இந்தக் கதையை அண்ணன் ஒரு மழைநாளில் பஸ்ஸில் சொன்னார். ஏரி வழிந்து சாலையில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, வண்டியை ஓரங்கட்டிவிட்டு எல்லோரும் காத்திருந்தோம். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அவருக்குப் பின்சீட்டில் இருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த மொத நாள் மேட்னில நான் இருந்தேண்ணா" என்றேன். அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே இறங்கிப்போனது.

நான் ஆரணியில் பட்டுத்தறி வைத்திருந்த வீட்டுப் பெண். மூர்த்தி, அதாவது என் வீட்டுக்காரர், களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். எங்கள் தெருக் கடைக்கு அரிசி இறக்க லாரியில் வருவார். இரண்டு வீட்டுக்கும் ஆகாது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. பள்ளி முடித்து வீட்டிலிருந்தேன், பதினெட்டு முடிந்திருந்தது, மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். தோழிக்கு வளைகாப்பு என்று பொய் சொல்லிவிட்டு அன்று களம்பூருக்குப் போனேன். இத்தோடு போதும், இனிமேல் எங்கள் தெருப்பக்கம் வர வேண்டாம் என்று அவரிடம் சொல்வதற்காகத்தான் போனேன். படம் முடிந்து வெளியே வந்ததும் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். படம் முடிந்தது. 'சுபம்' பார்த்தோம். பஸ் ஸ்டாண்டில் போளூர் வழியாகத் திருவண்ணாமலை போகும் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஏறலாமா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஏறிவிட்டோம்.

திருவண்ணாமலையில் அவருடைய அக்கா வீட்டில் இருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் அந்தப் படத்தின் முடிவைச் சொல்லி அழுதாள். அவள் வேறு ஏதோ படத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். உண்மை தெரிந்தபோது என் கழுத்தில் தாலி ஏறி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் இங்கே எழுதி உங்களைப் படுத்த விரும்பவில்லை. என் அப்பா பல வருடம் என்னோடு பேசவில்லை. பேத்திக்குக் காது குத்தும்போது வந்தார், சாப்பிட்டார், போனார். நாங்கள் ஆரணிக்கே திரும்பி வந்தோம். மில்லில் மூட்டை தூக்கி அவருக்கு முழங்கால் போயிற்று. அவர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார். பேச மாட்டார். முப்பது வருடத்துக்கு மேல் பேசாத ஒருவரோடு இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எப்படிப்பட்ட அயர்ச்சி என்று.

அன்று மழைநாள் சாயங்காலம் ஆரணியில் எல்லோரும் இறங்கிய பிறகு அண்ணன் என்னை நிறுத்தினார், படம் விட்டதும் இவரோடு பஸ் ஏறியதை மட்டும் சொன்னேன், பிறகு அவர் கேட்டார். "நல்லா இருக்கீங்களாம்மா?" நான், "இருக்கேண்ணா" என்றேன்.  ஆனால் நான் அதைச் சொன்ன விதம் அவர் மனதில் தைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆன வீட்டில் சண்டை என்றால், அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவரைக் கூப்பிட்டு நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நீதானே சொன்னாய், இப்போது பதில் சொல் என்பார்கள். எங்களுக்கு அப்படிப் பேசி முடித்தவர் யாரும் இல்லை. யாரும் கூப்பிடாமலே ஏகாம்பரம் அண்ணன் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். இவருடைய முழங்காலுக்கு எண்ணெய் வாங்கி வந்தார். எனக்கு எரிச்சல் வரும் நாளில் காலையில் பஸ்ஸில் ஏறும்போதே, உங்களால்தான் அண்ணா என்று ஆரம்பிப்பேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். ஒரே ஒருமுறைதான் பதில் சொன்னார். "திட்டுங்கம்மா. தரகு வாங்காத தரகன் நானு, திட்டாவது வாங்கிக்கறேன்." அந்தப் பேச்சு நம் பஸ் முழுக்கப் பரவி, சின்னப் பெண்கள்கூட அவரைத் தரகர் அண்ணா என்று கிண்டல் செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஏன் அந்தப் பெயர் வந்தது என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் எனக்குக் கடும் ஜுரம் வந்தது. ஷிப்ட் முடித்து வந்து படுத்துக்கொண்டேன். இவர் வந்து வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார். ஏதாவது கேட்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். திரும்பிப் போய் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டார். அதில் அண்ணன் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஏறும் இடத்து இசை கேட்டது. ஆயிரம் முறை கேட்ட இசை. படுத்துக்கொண்டே முடிவு செய்தேன், போதும் என்று. இரண்டு நாள் கழித்து ஒரு பையில் நாலு புடவையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வண்டி கிளம்பியதும் அண்ணனிடம், என்னைச் செய்யாறு பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுங்கள், சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். எப்போது திரும்புவீர்கள் என்று அவர் கேட்கவில்லை. பையைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு அவரும் இறங்கினார். என் பையைத் தூக்கிக்கொண்டு சென்னை வண்டி நிற்கும் இடம்வரை வந்தார். நீங்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் என்ன சொன்னார் என்று பிறகு எல்லோரும் என்னைத் துளைத்தீர்கள், நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

"அம்மா, ஒண்ணு சொல்லிடறேன். அன்னைக்கு நான் பெட்டிய மறக்கல. பஞ்சர் ஒட்டிக்கினு பெட்டியோடதான் வந்தேன். வந்து நிக்கறேன், ஜனங்க வெளிய வந்துகினு இருக்குது. ஆரணில நாலு நாளா அழுதுகினே வெளிய வர்றவங்களைத்தான் பாத்தேன். இங்க ஒருத்தர் மூஞ்சிலயும் அழுவ இல்ல. ஒரு கொரல் குடுத்திருந்தா எல்லாரும் திரும்பி வந்து உக்காந்திருப்பாங்க. நான் குடுக்கல. பெட்டி மேல கோணியப் போட்டு மூடிட்டேன். மஞ்சத் தாவணி ஒண்ணும் ஒரு பையனும் ஸ்டாண்டு பக்கம் போனத பாத்துக்கினுதான் நின்னேன்."

அன்று நான் மஞ்சள் தாவணிதான் கட்டியிருந்தேன். அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

எனக்கு வந்தது கோபம்தான். "கூப்ட்டு இருக்கலாமேண்ணா. ஒரு கொரல்தானே" என்றேன். கடைசி ரீலைப் பார்த்திருந்தால் நான் அழுதுகொண்டே, அடுக்கி வைத்த வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, ஆரணி வண்டியைப் பிடித்திருப்பேன். பார்த்துவைத்த மாப்பிள்ளையைக் கட்டியிருப்பேன். அந்த மனிதர் பேசுகிறவராக இருந்திருக்கலாம். ஏகாம்பரம் அண்ணன் சமாதானம் சொல்ல முயலவில்லை. "தப்புதாம்மா. ஆனா இன்னொரு வாட்டினாலும் கூப்புட மாட்டேன்" என்றார். பையை சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப்போனார். போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மகள் வீட்டில் பதினோரு நாள் இருந்தேன். இவர் தினமும் சாயங்காலம் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று ஒரு கேள்வி கேட்பார், நான் 'உம்' என்பேன், வைத்துவிடுவார். பத்தாம் நாள், "ஜுரம் வுட்டுச்சா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய நாள் கடந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மறுநாள் கிளம்பிவிட்டேன். அந்தப் பதினோரு நாளில் ஏகாம்பரம் அண்ணன் மூன்று முறை எங்கள் வீட்டுக்குப் போய் இவரோடு உட்கார்ந்திருந்தார் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. இவர் பேசியிருக்க மாட்டார். நான் வேலைக்குத் திரும்பிய காலையில் அண்ணன் வழக்கம்போலக் கதவைத் திறந்துவிட்டார், படத்தைப் போட்டார்.

பிறகு அவரும் ஓய்வு பெற்றார், நானும் ஓய்வு பெற்றேன். அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கூப்பிடுவார். விஷயம் என்று எதுவும் இருக்காது. பஸ்ஸில் வந்த எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம், பழைய வண்டியை இப்போது யார் ஓட்டுகிறார்கள், கியர் பாக்ஸ் என்ன ஆயிற்று என்று இருபது நிமிடம் இழுப்பார். டி.வி. சத்தத்தில் காது கேட்காமல் நான் பின்பக்கம் போய் நின்று பேசுவேன். அடுப்பில் தண்ணீர் வற்றுகிறது, வைக்கட்டுமா அண்ணா என்றால், இன்னும் ஒரு நிமிடம் அம்மா என்பார். வயதானால் எல்லோரும் இப்படித்தான் பேஜார் செய்வார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்க நானும் இவரும் போனோம். நீங்கள் எல்லோரும் வந்துவிட்டுப் போன பிறகு, மூன்றாம் நாள். அண்ணி எங்களை உட்காரவைத்து, காபி கொடுக்க முடியாததற்கு வருத்தப்பட்டார். பிறகு அவராகவே சொன்னார். "ஞாயித்துக்கெழமைனா டிவில இன்னா படம்னுதான் மொதல்ல பாப்பாரு. உங்க படம் வந்துச்சுனா கடிகாரத்தையே பாத்துகினு இருப்பாரு. முடியற நேரத்துக்கு போனத் தூக்கிகினு வெளிய போயிடுவாரு." அண்ணி அதை 'உங்க படம்' என்றுதான் சொன்னார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. இத்தனை வருடத்தில் அந்தப் படத்தின் முடிவை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. படம் முடியும் நேரத்தில் அண்ணனின் போன் வருவது தானாக அமைந்தது என்று நினைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு முறையும் பெட்டியின் மேல் கோணியைப் போட்டு மூடிக்கொண்டே இருந்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் மறுபடியும் வந்தது. இந்த முறை முழுதாகப் பார்த்துவிடுவது என்று கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அண்ணனுக்குச் செய்யும் மரியாதை என்றுகூட நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எதையும் தள்ளிப்போடத் தெம்பு இல்லாமல் போய்விட்டது, பார்த்துத் தொலைத்துவிடலாம் என்றிருந்தது. பையனும் பெண்ணும் பஸ் ஏறினார்கள். அவள் ஜன்னலில் தலை சாய்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். என் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தால் இவருடைய பெயர். பின்கட்டில் துணி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்து கூப்பிடுகிறார்.

"இன்னாங்க?" என்றேன்.

"அவரு இல்ல. அதான் நான் போன் போட்டேன்" என்றார்.

 எழுந்து சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். ஜன்னல் வழியாக அவருடைய முதுகு தெரிந்தது. நாளைக்கு என்ன குழம்பு என்று கேட்டார். சொன்னேன். மகள் பேசினாளா என்றார். பேசினாள் என்றேன். அதற்கு மேல் அவருக்கு விஷயம் கிடைக்கவில்லை. அண்ணனுக்கு வாய்த்த கியர் பாக்ஸ் இவருக்கு இல்லை.  பிறகு கேட்டார், "அன்னைக்கு வேணாம்னு சொல்லத்தான வந்த?"

இத்தனை வருடத்தில் நான் அதை அவரிடம் சொன்னதில்லை. ஏகாம்பரம் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை.

"ஆமா" என்றேன்.

"தெரியும்" என்றார்.

இருவரும் போனை வைக்கவில்லை. கூடத்தில் படம் முடிந்து சோப்பு விளம்பரம் வரும்வரை அப்படியே காதில் வைத்துக்கொண்டு இருந்தோம்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். அந்த இருபது நிமிடம்தான். நாற்காலி காலியாகவில்லை, இவர் உட்கார்ந்துவிட்டார். படம் அடிக்கடி வருகிற படம், இன்னும் பல முறை வரும். முடிவை நான் இன்னும் பார்க்கவில்லை.